லயத்துப் பின்புறக் கொட்டகைகளுக்கான அனுமதி குறித்து மலையகப் பிரதேச சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தவிசாளர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை, கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களில் பெருந்தோட்டங்களைத் தம் எல்லைக்குள் கொண்டுள்ள பிரதேச சபைகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக இந்த மடலை எழுதுகிறேன். லயங்கள் எனப்படும் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கும் தனி வீடுகளுக்கும் பின்னால் எங்கள் மக்கள் போட்டுக்கொள்ளும் மாட்டுக் கொட்டகை, விறகுக் கொட்டகை, கோழிக்கூடு, மண்வெட்டியும் மருந்தடிக்கும் டாங்கியும் வைக்கும் தகரக் கொட்டில் ஆகியவற்றுக்கு அனுமதி வழங்கும் முறை பற்றியதே இது. இன்றைய நடைமுறை, விண்ணப்பிப்பவரின் கையில் காணி உறுதி இருக்கிறதா என்பதை முதலில் கேட்கிறது. அவர் வெட்டப்போகும் மண் தாங்குமா, அவருடைய கூரைத் தண்ணீர் எங்கே போகும் என்பதைப் பெரும்பாலும் கேட்பதே இல்லை. இந்த வரிசையை மாற்றித் தாருங்கள் என்பதே என் வேண்டுகோள்.

நான் தோட்டத்தில் பிறந்தவன். இன்றும் லயத்தில் குடியிருப்பவன். அக்கம்பக்கத்தாருக்கு விண்ணப்பமும் முறைப்பாடும் எழுதிக் கொடுப்பது பல வருடப் பழக்கம் என்பதால், இந்தச் சின்னக் கொட்டகைகளை முன்னிட்டு எத்தனை வீடுகளில் மனக்கசப்பு, எத்தனை அலுவலகங்களில் அலைச்சல் என்பதை அருகிலிருந்து பார்த்து வருகிறேன்.

கொட்டகை எதற்கு என்று கேட்பவர்களுக்காக முதலில் சிறிது சொல்ல வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா (அறை), முன்னால் ஓர் இஸ்தோப்பு (திண்ணை), பின்னால் புகை படிந்த குசினி என்ற அளவில் கட்டப்பட்ட லயங்களில், ஒரு மூட்டை விறகை வைப்பதற்கும் இடம் கிடையாது. கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து கட்டுக்கட்டாகச் சுமந்து வரும் மிலாறு, அதாவது வெட்டிய தேயிலைக் கிளை விறகு, நனைந்துவிட்டால் எரியாது, புகையைத்தான் தரும். மஸ்கெலியா, நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கங்களில் தென்மேல் பருவமழை தொடங்கினால் வாரக்கணக்கில் வெயிலைக் காண முடியாது. பதுளைப் பக்கத்தாருக்கு அதே நெருக்கடி வடகீழ்ப் பருவமழையோடு வருகிறது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் எரிவாயு கிடைக்காமல் போனபோது, விறகடுப்பைக் கைவிட்டிருந்த வீடுகளும் மீண்டும் அதனிடமே திரும்பின. பசு வளர்ப்பவருக்கு மாலையில் பால் சேகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோகும் பால், பேர் (ஒரு நாள் வேலைக்கான சம்பளக் கணக்கு) கிடைக்காத நாட்களிலும் நின்றுவிடாத ஒரு வருமானம். சாணம் மரக்கறித் தோட்டத்துக்கு. எனவே கொட்டகை என்பது எங்களுக்கு ஆடம்பரமோ, தோட்டக் காணியைப் பிடிக்கும் தந்திரமோ இல்லை. சமையலும் வருமானமும் மழைக்கு நனையாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது.

இனிச் சட்டத்துக்கு வருகிறேன். உள்ளூராட்சி எல்லைக்குள் கட்டிடம் எழுப்புவதற்கு முன் வரைபடத்துக்கு அங்கீகாரம் பெற வேண்டும் என்ற விதி, 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டத்திலிருந்து வருகிறது. நகர அபிவிருத்தி அதிகார சபையின் கீழ்ப் பிரகடனப்படுத்தப்பட்ட பகுதிகளில், 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டமும் அதன்கீழ் வந்த ஒழுங்குவிதிகளும் அபிவிருத்தி அனுமதிப் பத்திரத்தையும், கட்டி முடித்த பின் இணக்கச் சான்றிதழையும் கேட்கின்றன. மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் இதற்கு மேலாக, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரையும் தேவைப்படுகிறது. இவற்றில் எதையும் நான் குறை சொல்லவில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதையும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனதையும், அந்த அழிவின் பெரும் பகுதி மண்சரிவாக மலைநாட்டின் மீதே விழுந்ததையும் கண்ட எவரும், மலையில் கட்டிட விதி வேண்டாம் என்று சொல்ல மாட்டார். விதி வேண்டும், அது எங்களையும் எட்ட வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

ஏனெனில் இன்று அது எங்களை எட்டுவதில்லை. தோட்டங்கள் 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களில் அரசுடைமையாகி, 1992இல் முகாமைத்துவம் கம்பனிகளிடம் போனபோது, காணி அரசிடமும் குத்தகை கம்பனியிடமும் இருக்க, அதன்மேல் தலைமுறை தலைமுறையாகக் குடியிருப்பவர் எந்தக் கடதாசியும் இல்லாதவராக நின்றார். அண்மைய வீடமைப்புத் திட்டங்களில் 7 பேர்ச் காணியுடன் வீடு பெற்றவர்களிலும் பலருக்கு உறுதி இன்னும் கைக்கு வரவில்லை. இந்நிலையில் ஒருவர் சபைக்குச் சென்று விண்ணப்பப் படிவம் கேட்டால், உறுதியின் பிரதி அல்லது தோட்ட நிர்வாகத்தின் கடிதம் கொண்டுவரச் சொல்கிறார்கள். தோட்ட அலுவலகத்துக்குப் போனால், கட்டிட அனுமதி சபையின் வேலை, நாங்கள் எழுத்தில் எதுவும் தர முடியாது என்கிறார்கள். கடைசியில் வெளிக்கள உத்தியோகத்தர் ஒருவர் போகிற போக்கில் தலையசைத்ததை அனுமதியாக எடுத்துக்கொண்டு அவர் கொட்டகையைப் போடுகிறார். துரை (தோட்ட முகாமையாளர்) மாறும்போது அந்த வாய்ச்சொல்லும் மாறிவிடுகிறது.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டங்களுக்குள் சபைக்கு வேலையில்லை என்று நீண்ட காலம் சொல்லப்பட்டது. 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு அந்தக் காரணம் முடிந்துவிட்டது. அதே காலத்தில் நுவரெலியா, அம்பகமுவ என்ற இரண்டு பெரிய சபைகள் பிரிக்கப்பட்டு, அகரப்பத்தனை, கொட்டகலை, மஸ்கெலியா, நோர்வூட் ஆகிய சபைகளும் உருவாகி ஆறாயின. மக்களுக்குப் பக்கத்தில் சபை இருக்க வேண்டும் என்பதற்காகச் செய்த பிரிப்பு அது. 2023 மார்ச்சில் கலைந்த சபைகள், 2025 மே மாதத் தேர்தலுக்குப் பின் மீண்டும் மக்கள் பிரதிநிதிகளின் கைக்கு வந்திருக்கின்றன. ஆகவே இந்தக் கேள்வியைச் செயலாளர்களிடமன்றி உங்களிடமே கேட்கிறேன்.

விதி எட்டாத இடத்தில் என்ன நடக்கிறது என்பதற்கு நான் நேரில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். தோட்டத்தின் பெயரையோ ஆட்களின் பெயரையோ எழுத விரும்பவில்லை. ஒருவர் தன் பசுவுக்காக லயத்துக்குப் பின்னாலுள்ள சரிவை நெஞ்சளவு உயரத்துக்கு நேர்குத்தாக வெட்டி, சமப்படுத்திய இடத்தில் யூகலிப்டஸ் கால்கள் நட்டுத் தகரம் போட்டார். வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கமாகத் தள்ளிவிட்டதால், மேல்லயத்துக்கும் கீழ்லயத்துக்கும் இடையில் ஓடும் கானின் (வடிகாலின்) பாதி மூடிப்போனது. சில மாதங்கள் கழித்து நிர்வாகம் ஆட்களை அனுப்பி, அனுமதியற்ற கட்டிடம் என்று சொல்லித் தகரங்களைக் கழற்றிப் போட்டுக் கால்களைப் பிடுங்கிவிட்டது. சட்டப்படி நடவடிக்கை முடிந்தது. ஆனால் அந்த வெட்டை யாரும் மூடவில்லை, கானில் கிடந்த மண்ணை யாரும் அள்ளவில்லை. மேலே கூரையும் இல்லாமற் போனதால், அடுத்த மழை நேராக வெட்டின் முகத்திலேயே இறங்கியது. நான் போய்ப் பார்த்தபோது தேயிலை வேர்கள் வெளியே தொங்கிக்கொண்டிருந்தன. மேல் விளிம்புக்குச் சற்றுப் பின்னால், விரல் நுழையும் அகலத்தில் ஒரு வெடிப்பு வில்போல் வளைந்து ஓடியிருந்தது. கானை விட்டு விலகிய தண்ணீர் கீழ்லயத்துக் குசினிச் சுவரின் அடியில் சேறாகத் தேங்கி நின்றது. சபைக்கு எழுதிக் கொடுத்தோம். தோட்டக் காணி என்று பதில் வந்தது. ஆபத்தில்லாத பாகத்தை அகற்றி, ஆபத்தான பாகத்தை விட்டுச் சென்ற அந்த நடவடிக்கையைப் போன்றவை மற்றத் தோட்டங்களிலும் நடக்கின்றன என்பதை உறுப்பினர்களாகிய நீங்கள் அறிவீர்கள்.

மலைச்சரிவில் கொட்டகையின் ஆபத்து அதன் கூரையிலோ பரப்பளவிலோ இல்லை. சரிவை வெட்டும்போது மேல் மண்ணுக்கு இருந்த முட்டு போய்விடுகிறது. வெட்டிய மண்ணைக் கீழே கொட்டும்போது, இறுகாத பாரம் ஒன்று கீழ்ச்சரிவின் மேல் ஏறுகிறது. இரண்டுக்கும் நடுவில் தண்ணீர் வந்து சேர்கிறது. எட்டுக்குப் பத்தடிக் கூரை ஒன்றின் மேல் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால், ஏறக்குறைய 740 லீற்றர் தண்ணீர் ஒரே விளிம்பால் வழிந்து ஒரே இடத்தில் விழும். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினாலே மண்சரிவு குறித்து விழிப்பாக இருக்கச் சொல்லும் பிரதேசங்களில், அந்த 740 லீற்றரும் பீலி வைத்துக் கானுக்குக் கொண்டுபோகப்படுகிறதா, வெட்டின் அடியிலேயே ஊறுகிறதா என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. மாட்டுக் கொட்டகையில் தினமும் கழுவிவிடும் தண்ணீரும் மூத்திரமும் இதோடு சேரும். அவை குளிக்கும் பீலிக்கரைக்கோ குடிதண்ணீர் ஊற்றுக்கோ மேல்பக்கத்தில் இறங்கினால், மண்சரிவுக்கு முன்னரே வயிற்றோட்டம் வந்துவிடும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் இதை எப்போதும் சொல்லி வருகிறார்கள். கட்டிட அனுமதியோடு அவர்களுடைய சொல்லை இணைக்கும் வழிதான் இல்லை.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் தயாரித்துள்ள அபாய வலய வரைபடங்களை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆயினும் 1:10,000 அளவுத் திட்டத்தில் பத்தடி நீளக் கொட்டகை ஒன்று மில்லிமீற்றரில் மூன்றில் ஒரு பங்கைக் கூடப் பிடிக்காது. அந்த மலை எந்த வலயத்தில் இருக்கிறது என்பதை வரைபடம் சொல்லும். அந்த லயத்துக்குப் பின்னால் எவ்வளவு வெட்டியிருக்கிறது என்பதை, அங்கே போய் நின்று பார்ப்பவர்தான் சொல்ல முடியும். எனவே சிறிய கட்டுமானங்களுக்குச் சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் நேரில் வருவதையே நான் அதிகம் நம்புகிறேன்.

பிற நாடுகள் இதை எப்படிக் கையாள்கின்றன என்பதையும் பார்த்தேன். இங்கிலாந்தில், வீட்டு வளவுக்குள் தனியாக நிற்கும், 15 சதுர மீற்றருக்கு மேற்படாத, ஆட்கள் படுத்துறங்காத கொட்டகைக்குப் பொதுவாகக் கட்டிட ஒழுங்குவிதி அங்கீகாரம் தேவைப்படாது. ஆனால் எல்லையிலிருந்து 2 மீற்றருக்குள் நின்றால் அதன் உயரம் இரண்டரை மீற்றரைத் தாண்டக் கூடாது என்ற திட்டமிடல் விதி இருக்கிறது. அமெரிக்காவில் பல இடங்கள் பின்பற்றும் மாதிரி விதிக்கோவையின் அண்மைய பதிப்புகள், 200 சதுர அடி வரையிலான ஒரு மாடிச் சாமான் கொட்டகைகளைக் கட்டிட அனுமதியிலிருந்து விலக்குகின்றன. சிறியதைப் பெரியதுபோல நடத்தாமல் விடும் அந்த அறிவை நாமும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பரப்பளவை மட்டும் அளவுகோலாக எடுத்தால் எங்களுக்குப் பொருந்தாது. சமநிலத்தில் 200 சதுர அடி யாருக்கும் தீங்கு செய்யாது. மஸ்கெலியாவின் ஒரு சரிவில் 40 சதுர அடிக்காக வெட்டிய வெட்டு கீழ்லயத்தையே ஆட்டிவிடும்.

ஆகவே அளவுகோலை மண்ணோடு பொருத்துங்கள். சரிவை வெட்டாமல், தரையை மண் நிரப்பி உயர்த்தாமல், இருக்கும் சமதளத்தில் கால் நட்டுப் போடும் நூறு சதுர அடிக்கு உட்பட்ட கொட்டகைக்குச் சபைக்கு எழுத்தில் அறிவித்தலே போதும் என்று வையுங்கள். முழங்காலளவுக்கு மேல் வெட்ட வேண்டியிருந்தால் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து பார்க்க வேண்டும். இடுப்பளவைத் தாண்டினால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கருத்து இல்லாமல் ஒரு மண்வெட்டியும் விழக் கூடாது. நான் சொல்லும் அளவுகளை அந்த நிறுவனத்தின் பொறியியலாளர்கள் திருத்தலாம், கூட்டலாம், குறைக்கலாம். வெட்டின் உயரத்தையும் தண்ணீரின் வழியையும் வைத்து முடிவெடுக்கும் முறை வேண்டும் என்பதில் மட்டும் நான் உறுதியாக இருக்கிறேன்.

காணி உறுதியைப் பொறுத்தவரை, கொட்டகைக்கான அனுமதி காணி உரிமையைத் தராது என்று பத்திரத்திலேயே ஒரு வரி அச்சிட்டுவிட்டால், குத்தகைக் கம்பனிகளின் அச்சத்துக்கு இடமில்லை. அதன்பின் உறுதிக்குப் பதிலாக, கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழையும் வாக்காளர் இடாப்புப் பதிவையும் ஏற்றுக்கொள்ளலாம். சபையே தோட்ட நிர்வாகத்துக்கு எழுதி, ஆட்சேபனை இருந்தால் இரண்டு வாரங்களுக்குள் காரணத்தோடு எழுத்தில் தரச் சொல்லட்டும். பதில் வராவிட்டால் சபை தன் பரிசோதனையை நடத்தி முடிவெடுக்கட்டும். விண்ணப்பதாரரைக் கடிதம் தேடி அலையவிடும் முறை இத்துடன் முடியும். படிவம் தமிழிலும் சிங்களத்திலும் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். அதில் லயம், கான், பக்கத்துச் சுவர், தண்ணீர் ஊற்று, மேல்சரிவு, கீழ்சரிவு ஆகியவற்றைக் குறித்த ஒரு கைப்படம் போதும். பட்டய வரைஞரிடம் பணம் கட்டி வரைந்த பிளானை, நாட்சம்பளத்தில் வாழும் ஒருவரிடம் கோழிக்கூட்டுக்காகக் கேட்பது நியாயமாகாது.

தீயையும் ஒரு வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். ஒரே கூரையின் கீழ் வரிசையாக நிற்கும் லயத்தில் ஒரு காம்பராவில் பற்றிய தீ அடுத்தடுத்த காம்பராக்களையும் எடுத்துக்கொண்டு போவதை நாம் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். உலர்ந்த மிலாறு அடுக்கிய கொட்டகை குசினிச் சுவரோடு ஒட்டி நிற்கக் கூடாது என்பதை அனுமதியின் கட்டாய நிபந்தனையாக்குங்கள்.

படுத்துறங்குவது பற்றிய நிபந்தனைதான் எல்லாவற்றிலும் கடினமானது. இங்கிலாந்தின் விதியைப் போல நம் விதியும் கொட்டகையில் யாரும் உறங்கக் கூடாது என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், மண்ணும் தகரமுமான அறைகளில் குழந்தைகள் தூங்குவதை நாமே அங்கீகரித்ததாகிவிடும். ஆனால் உண்மையையும் எழுத வேண்டும். மகனுக்குக் கல்யாணம் ஆகி மருமகள் வீட்டுக்கு வரும்போது, விறகுக் கொட்டகை என்று தொடங்கியது ஓர் அறையாக மாறுகிறது. நூற்றிருபது சதுர அடியில் இரண்டு குடும்பங்கள் எப்படிப் படுக்கும் என்ற கேள்விக்கு எந்தக் கட்டிட விதியிலும் பதில் இல்லை. கொட்டகையில் குடியிருப்பவரைக் கண்டுபிடித்தால், உடைக்கும் அறிவித்தலை மட்டும் ஒட்டிவிட்டு வராமல், அந்தக் குடும்பத்தை வீடமைப்புக்கான முன்னுரிமைப் பட்டியலுக்கு எழுத்தில் பரிந்துரைப்பதைச் சபையின் கடமையாக்குங்கள். வீட்டைக் கட்டிக் கொடுப்பது சபையின் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது என்பதை அறிவேன். அந்தக் குடும்பம் அங்கே இருக்கிறது என்பதைப் பதிவு செய்வது அப்பாற்பட்டதல்ல.

ஏற்கெனவே நிற்கும் கொட்டகைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும் என்பதில் ஐயமில்லை. அவற்றை ஒரே நாளில் சட்டவிரோதம் என்று அறிவித்தால், பயத்தில் எவரும் வெடிப்பைக் கூடச் சொல்ல மாட்டார்கள். எனக்கு அதுவே பெரிய கவலை. மேல்சரிவில் வெடிப்பு விழுந்திருக்கிறது, மரம் சாய்ந்திருக்கிறது, இதுவரை இல்லாத இடத்தில் கலங்கிய ஊற்று வருகிறது என்பதை முதலில் காண்பவர் அங்கே குடியிருப்பவர். அவர் தானாக வந்து பதிவு செய்ய ஒரு கால அவகாசம் கொடுங்கள். பதிவு செய்தவரின் கொட்டகையை உத்தியோகத்தர் பார்வையிட்டு, கல்கட்டு எழுப்புவது, வெட்டைப் படியாகச் சரிப்பது, பீலி வைப்பது, கானைத் திறப்பது என எது தேவையோ அதை எழுத்தில் தரட்டும். திருத்தவே முடியாத இடத்தில் அகற்றச் சொல்லுங்கள். அப்படி அகற்றும்போது வெட்டை நிரப்பிச் சரிவைப் பழைய நிலைக்குக் கொண்டுவராமல் அந்த வேலை முடிந்ததாகக் கணக்கெழுத வேண்டாம். இந்த ஒரு நிபந்தனை முன்னரே இருந்திருந்தால், நான் மேலே சொன்ன கீழ்லயத்துக் குடும்பங்கள் இத்தனை மழைகளைப் பயத்தோடு கழித்திருக்க மாட்டா.

தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவரை வைத்துக்கொண்டு பல தோட்டங்களைச் சமாளிக்கும் சபைகளுக்கு இது மேலதிகச் சுமை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் வெட்டில்லாத கொட்டகைகளை அறிவித்தலோடு விடச் சொன்னேன். அவருடைய நேரம் ஆபத்தான சரிவுகளுக்கு மிஞ்சும். ஒவ்வொரு தோட்டத்திலும் படித்த இளைஞர்கள் இருக்கிறார்கள். வெட்டின் உயரம் அளக்கவும், படிவம் நிரப்பவும், வெடிப்பைப் படம் எடுத்து அனுப்பவும் ஒரு நாள் பயிற்சி கொடுத்தால் அவர்கள் உதவுவார்கள்.

வருகின்ற மாதாந்தச் சபைக் கூட்டங்களில் இதை ஒரு பிரேரணையாகக் கொண்டுவாருங்கள். உப சட்டம் இயற்றி அங்கீகாரம் பெறுவதற்குக் காலம் எடுக்கும் என்றால், அதுவரை ஒரு பக்கப் படிவத்தையும் இரண்டு வாரக் கால எல்லையையும் சபைத் தீர்மானத்தினால் நடைமுறைப்படுத்த முடியுமா என்று உங்கள் செயலாளரிடம் கேட்டு, அவருடைய பதிலைக் கூட்டக் குறிப்பில் பதியச் செய்யுங்கள். அடுத்த பருவமழைக்கு முன் இவ்வளவாவது நடக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் சபை எல்லைக்குள் வாழும் ஒரு தோட்டக் குடியிருப்பாளர்